மூடாத குழாய்

எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பேய் குடியிருக்கிறது. சிரிக்காதீர்கள். அது கதவைத் தட்டாது, பெயர் சொல்லிக் கூப்பிடாது. சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஓயாமல் கை கழுவும். நான் அதை அக்கா என்று கூப்பிடுகிறேன்.

"போதும் அக்கா. தோல் உரிஞ்சு ரத்தம் வருது பாரு."

"இன்னும் போகலைடா."

"என்ன போகலை?"

 சோப்பை மறுபடி எடுத்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. 

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். போன மாதம் அவள் உடனிருந்த ஆபரேஷன்களில் மூன்று பேருக்கு ரத்தத்தில் ஒரே கிருமி கலந்துவிட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூன்றாமவர் போன உயிர் திரும்பி வந்தவர். மூன்று இடத்திலும் பொதுவாக இருந்தது அக்காதான் என்று ஆஸ்பத்திரி கமிட்டி கண்டுபிடித்தது. அவள் கை வெடித்திருப்பதைப் பார்த்து, கிருமி தங்க இதைவிட வசதியான இடம் வேண்டுமா என்றும் கேட்டது. அந்த வெடிப்பே அவர்கள் குற்றம் சாட்டிய பிறகு கழுவிக் கழுவி வந்தது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? நாளைக் காலை முடிவு சொல்வார்கள்.

"நாளைக்கு நான்தான்னு ஒத்துக்கப் போறேன்," என்றாள் அக்கா, குழாயைப் பார்த்தபடியே.

"உனக்கென்ன பைத்தியமா?"

"நான் உள்ள போகும்போது மூணு பேரும் மயக்கத்துல இருந்தாங்கடா. ஒருத்தரும் கண்ணே திறக்கலை. இப்ப நான் கண்ணை மூடினா, அவங்க திறக்கறாங்க."

 எந்த நேரத்திலும் கைவசம் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அந்த நேரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒரு நிமிஷம். நீ உள்ள போகும்போதே மயக்கமா?" என்று சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மேடம் வந்துவிட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக விபத்துக் காட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் அறை வாசலில் காத்துக் கிடந்த மெடிக்கல் ரெப். அதனால் மேடத்துக்கு நான் இன்றைக்கும் 'ரெப்பு'தான். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு காது கழன்று பத்து நாளாகிறது. நூல் போட்டுக் கட்டியிருக்கிறார்.

"ஆமா மேடம். ஆரம்பத்துல வேற நர்ஸ்தான் இருப்பாங்க. கேஸு கையை மீறிப் போச்சுன்னா நடுவுல என்னைக் கூப்பிடுவாங்க," என்றாள் அக்கா.

"மூணுமே அப்படித்தானா?"

"மூணுமே."

மேடம் தலையை ஆட்டிக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒரு பல்லி.

"இதுதான் கமிட்டியோட சாட்சியா, ரெப்பு?"

"இதேதான். அந்தக் கிருமி பல்லி, பாம்பு, ஆமை மாதிரி ஊர்ற பிராணிங்க குடல்ல இருக்கறதாம். லேப்ல சொன்னதும் ரெண்டு பேர் ஓடி வந்து இதை போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நல்லாத் திரும்பி நின்னு போஸ் கொடுத்துச்சு."

"பல்லி இல்லாத வீடு எங்க இருக்கு? கமிட்டித் தலைவர் வீட்டுல இல்லையாமா?"

"அவர் மூஞ்சியைப் பார்த்தே ஓடியிருக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. என் மட்டமான ஜோக்குக்கெல்லாம் முதலில் சிரிக்கிறவள் அவள். நாங்கள் படியிறங்கும்போதும் உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

*

இறந்த இருவரும் பிழைத்தவரும் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தவர்கள். அதை நடத்துகிற ஆராய்ச்சி டாக்டரின் அறைக்கு இரண்டாம் நம்பர் தியேட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மூன்று ஆபரேஷன்களும் அங்கேதான் நடந்தன. பட்டப்பகலில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில், தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள் அந்தக் கதவுப் பக்கம் வந்ததும் எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். துடைக்கிற அம்மாள் தனியாக உள்ளே போகமாட்டேன் என்று வாசலில் துணைக்கு ஆள் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள யாரோ மூச்சு விடறாங்கன்னு சொல்றாங்க சார்," என்றாள் என்னிடம் ரகசியமாக.

"ஏசியா இருக்கும்மா."

"ஏசி நிறுத்தியிருந்தப்பவும் கேட்டுச்சாம்."

நான் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன். பயத்தினால் இல்லை. மேடம் முன்னால் போய்விட்டார், அதனால்.

ஆராய்ச்சி டாக்டர் எங்களை வரவேற்ற விதமே சரியில்லை. ஆஸ்பத்திரி முழுக்க இழவு விழுந்த மாதிரி இருக்க, மனிதர் முகத்தில் மட்டும் கல்யாணக் களை.

"என் ஆராய்ச்சி ஆபரேஷன்ல போற ரத்தத்தைக் குறைக்கறதுக்கு," என்றார். "முன்கூட்டியே ஒரு ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, அப்பதான் ஆராய்ச்சி நேர்மையா இருக்கும். அந்த மூணு பேருக்கு மட்டும் என்ன போட்டதுன்னு பார்க்க அனுமதி கிடைச்சுது. மூணு பேருக்கும் உப்புத் தண்ணி மேடம்!"

"அதுல என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"புரியலையா? மருந்து போட்ட ஒருத்தருக்குக்கூடக் கிருமி வரலை. என் மருந்து ரத்தத்தை மட்டும் நிறுத்தலை, கிருமியையும் தடுக்குது!"

இந்த முகக்களையை நான் நிறைய மேனேஜர்களிடம் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதமே ஏதாவது ஒரு மருந்தைக் கடையிலிருந்து திரும்ப எடுப்பார்கள்.

மேடம் நூல் கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "உப்புத் தண்ணி போட்டவங்களுக்கு ரத்தம் அதிகமாப் போகுமா?"

"போகும். சிலருக்கு நிக்கவே நிக்காது."

"நிக்கலைன்னா?"

"சீனியர் நர்ஸைக் கூப்பிடுவோம். ரத்தம் ஏத்துவோம். ரத்தம் உறையணுமே, அதுக்காக பிளேட்லெட்டும் ஏத்துவோம்."

"மருந்து போட்டவங்களுக்கு?"

"பெரும்பாலும் எதுவும் ஏத்தத் தேவைப்படாது. அதுதானே என் மருந்தோட..." பாதியில் நின்றுவிட்டார்.

"டாக்டர், வீட்டுல சாப்பிட்டவனுக்கு வயித்துல ஒண்ணும் ஆகலை. ஹோட்டல்ல சாப்பிட்ட மூணு பேரும் படுத்துட்டாங்க. நீங்க வீட்டு அடுப்பு நல்ல மருந்துன்னு எழுதுவீங்களா, இல்ல ஹோட்டல் சமையலறையை எட்டிப் பார்ப்பீங்களா?"

டாக்டர் முகத்தில் களை வடிந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அடுத்த நொடி அவரே எழுந்து எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். "ரத்த வங்கி கீழ் மாடி. சீக்கிரம் போங்க," என்றார்.

படியில் மேடம் எனக்குப் புரியும்படி சொன்னார்: "ரத்தம் நிக்கலைன்னா உங்க அக்கா வருவா. ரத்தம் நிக்கலைன்னா ஏத்தறதுக்கு ரத்தப் பையும் வரும். ரெண்டும் ஒரே காரணத்துக்காக வருது ரெப்பு. பை காலியானதும் குப்பைக்குப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது உங்க அக்கா."

அக்கா கெட்டிக்காரி என்பதால்தான் அங்கே நின்றாள். அதற்குத்தான் இந்தத் தண்டனை. 

*

ரத்த வங்கிக்குள் நுழைவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. டக்... டக்... டக். யாரோ குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி ஒரே சீராக வந்தது. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி. அதன் தட்டுகள் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தன. தட்டுகளில் மஞ்சள் நிறத்தில் பைகள்.

"இதுதான் பிளேட்லெட்," என்றாள் அங்கே வேலை பார்க்கிற பெண். "சிவப்பு ரத்தம் ஃபிரிட்ஜ்ல இருக்கும். இதைக் குளிர்ல வைக்கக் கூடாது, சும்மாவும் வைக்கக் கூடாது. ஆட்டிக்கிட்டே இருக்கணும். நின்னா செத்துடும்."

"அப்ப தொட்டில்," என்றார் மேடம். "தொட்டில்ல போட்டு, குளிராமப் பார்த்துக்கிட்டு ஆட்டினா எந்தப் பிள்ளையும் நல்லா வளரும். அதுக்குள்ள ஒரே ஒரு கிருமி இருந்துச்சுன்னா?"

அந்தப் பெண் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அது தன் அறைக்குள் நடக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

"ஒவ்வொரு பையையும் சோதிச்சுத்தானே வைப்பீங்க?" என்றேன்.

"பெரிய வியாதிகளுக்கு எல்லாம் பார்ப்போம் சார். இந்தக் கிருமி உள்ள கொஞ்சமே கொஞ்சம் இருந்தா அகப்படாது. ரெண்டு மூணு நாள் ஆடின அப்புறம்தான் பெருகும்."

"பிளேட்லெட் கொடுக்கறவங்க யாரு?" என்றார் மேடம்.

"பேர் சொல்லக் கூடாது மேடம். அதே மாதிரி, கொடுத்தது யாருக்குப் போச்சுன்னு அவங்ககிட்டயும் சொல்ல மாட்டோம். ஒருத்தர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பார், நானும் சிரிச்சு மழுப்பிடுவேன்." சொல்லிவிட்டு அவள் பார்வை ஜன்னலோர நாற்காலிக்குப் போய் வந்தது. மற்ற நாற்காலிகளில் இல்லாத ஒரு சின்னத் தலையணை அதன் கால் வைக்கிற இடத்தில் இருந்தது.

"கால் வலிக்காரரா?"

"என்னவோ எலும்புல குடைச்சலாம். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு சொல்வார்." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. மெழுகுக் கலரில் ஒரு குழந்தை வரைந்தது. பச்சை ஆமை. அதன் மூக்கில் பெரிய வட்டக் கண்ணாடி.

"மேடம், உங்களை யாரோ அப்படியே வரைஞ்சிருக்காங்க," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார். பெட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டக்... டக்.

"இதை யாரும்மா கொடுத்தது?"

"அது ரகசியம் இல்ல, எல்லாருக்கும் தெரியும். எதிர்ல கண்ணாடிக் கடை வெச்சிருக்காரே, அவர். அவர் பொண்ணு வரைஞ்சது. அந்தக் குழந்தை இங்கதான் மேடம் இறந்துபோச்சு. இதய ஆபரேஷன், ரத்தம் நிக்கலை. அன்னிக்கு இந்தப் பெட்டி காலியா இருந்துச்சு. ஒரு பைகூட இல்லை. அதுல இருந்து அவர் எப்ப கொடுக்கலாமோ அப்பல்லாம் வந்து கொடுப்பார். அந்த ஜன்னல் வழியா, குழந்தை கடைசியா இருந்த அறை தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார்."

மேடம் மெதுவாகத் திரும்பினார். குரலே மாறிப்போயிருந்தது.

"அந்த ஆமை இன்னும் உயிரோட இருக்கா?"

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. அந்தக் குழந்தை வளர்த்த ஆமை. ஊர்கிற பிராணிகளின் கிருமி. அது எலும்புக்குள் பதுங்கிக்கொண்டு குடைகிற வலி. அவ்வப்போது ரத்தத்தில் கொஞ்சம் கசிந்தாலும் அவருக்கு ஒரு காய்ச்சல்கூட வராது. இரண்டு மூன்று நாள் தொட்டிலில் ஆடிவிட்டால் போதும். எங்கள் வீட்டுப் பல்லி பாவம்.

அந்த மூன்று பேருக்கும் போன பைகள் யார் கொடுத்தவை என்று பார்க்க, ரத்த வங்கிப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பெட்டியை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் அந்த அறை தாங்க முடியாததாகிவிட்டது. மேல் தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தாள்.

"முந்தாநாள் வந்தார்," என்றாள்.

அப்போது பார்த்துத்தான் மேஜையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். "ரெண்டாம் நம்பர் தியேட்டர். பிளேட்லெட் கேட்கறாங்க. அவசரமாம்." அவள் கையில் இருந்த பையை நாங்கள் மூவரும் பார்த்தோம். அதுதான் வரிசையில் முதலில் போக வேண்டிய பை.

அதைத் தள்ளி வைத்துவிட்டு, கீழ்த் தட்டிலிருந்து வேறொன்றைக் கொடுத்து அனுப்பினாள். பெட்டியை மறுபடி ஓடவிட்டாள். "இதை நானே லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். உடனே பார்க்கச் சொல்றேன்," என்று ஓடினாள்.

*

கண்ணாடிக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தார். மேடத்தின் கண்ணாடியைக் கையில் வாங்கி, கட்டியிருந்த நூலைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மேடம், கண்ணாடிக்குக் கட்டா?"

"ரொம்ப நாளாச்சு. ஆள் கிடைக்கலை."

"ரெண்டு நிமிஷம் உட்காருங்க."

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் மேடும் பள்ளமுமான ஓட்டோடு ஓர் ஆமை, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கீரை தின்றுகொண்டிருந்தது. இந்தக் கடையில் எனக்கு ஜோக் வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"என் பொண்ணோடது," என்றார், திருகாணியை முடுக்கிக்கொண்டே. "தினம் இதுக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவா. இப்ப அவளுக்குப் பதிலா நான் கொடுத்துடறேன். இல்லைன்னா இது சாப்பிடறதில்லைன்னு எனக்கு ஒரு எண்ணம்."

என் போன் அடித்தது. ரத்த வங்கிப் பெண். பையில் கிருமி இருக்கிறது, நுண்ணோக்கியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அதே ஜாதி என்று நாளைக்கு உறுதியாகச் சொல்வார்கள், கமிட்டிக்கும் தகவல் போய்விட்டது என்றாள். நான் "சரி" என்றேன். அக்கா தப்பித்துவிட்டாள். குதிக்க வேண்டிய நேரம். நான் அந்த மனிதரின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே கடை வைத்திருப்பவருக்கு முகம் பார்த்தால் தெரியும்.

"என்கிட்ட ஏதோ சொல்ல வந்திருக்கீங்க. கண்ணாடிக்காக வரலை."

மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஆமை, கிருமி, காலில் குடையும் எலும்பு, தொட்டிலில் ஆடிய பை, பழி விழுந்து கழுவிக் கழுவி வெடித்த அக்காவின் கை, எல்லாவற்றையும் மெல்லச் சொன்னார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. முதல்ல அந்தக் காலுக்கு வைத்தியம் பண்ணணும்," என்றார். காலைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"எத்தனை பேர்?"

"மூணு. ஒருத்தர் பிழைச்சுட்டார்."

 ஆமை கீரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்பேன்," என்றார் கடைசியில். "நான் கொடுத்தது யாருக்கும்மா போச்சு, அவங்க வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு. சொல்லக் கூடாதுன்னு சிரிச்சுடுவா. இத்தனை நாள் கழிச்சு இன்னிக்கு நீங்க சொல்லிட்டீங்க."

அழுகையை அடக்க நான் வெளியே வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப நான் இல்லையா?" என்றாள். அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீ இல்ல அக்கா. நீ இல்லவே இல்ல."

நீண்ட நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டுமே. பிறகு கேட்டாள்: "அவர் இப்ப தனியாவா இருக்கார்?"

கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். கடைக்காரர் அவளுடைய கைகளைப் பார்த்தார். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னால உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதை விடுங்க சார்." அக்கா அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரத்தம் நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும். எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்போம். அப்ப ஒரு மஞ்சப் பை வரும். அது இறங்க இறங்க ரத்தம் நிக்கும். அப்படி எத்தனையோ பேர் கண்ணு திறந்ததை நான் பார்த்திருக்கேன். அதுல உங்க பை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நிச்சயமா இருந்திருக்கும். அதையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. இல்லைன்னா தூக்கம் வராது. எனக்குத் தெரியும்."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா தடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்து அவர் ஆமையைக் கையில் எடுத்தார்.  "இவளை என்ன பண்றது?"

"ஆமை மேல வழக்கு இல்ல சார்," என்றார் மேடம். "உங்ககிட்டயே இருக்கட்டும். முத்தம் மட்டும் வேண்டாம். தொட்டா உடனே கை கழுவிடணும்."

அக்கா அவர் கையிலிருந்து ஆமையை வாங்கிக்கொண்டாள். அது தலையை நீட்டி அவளைப் பார்த்தது. மெதுவாகத் தொட்டிக்குள் இறக்கி, கீரையை அதன் வாய்ப் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு கண்ணாடிகளைக் கழுவுவதற்காகக் கடை மூலையில் வைத்திருந்த தொட்டிக் குழாய்க்குப் போனாள்.

நான் அவள் கைகளையே பார்த்தேன். மேடமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சோப்புப் போட்டாள். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்தாள். அலசினாள். குழாயை மூடினாள்.

நான் காத்திருந்தேன். அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.